ஐந்து வாட்ஸும் எஸ்தரின் தூக்கமும்

கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் விற்கிறவனுக்குச் சங்கீதம் தெரிய வேண்டாம், "எத்தனை வாட்ஸ்?" என்று நாளெல்லாம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை இருந்தால் போதும். எனக்கு அது கிடையாது. பிளாட்பாரத்தில் பழைய டேப் ரிக்கார்டர் விற்று, வசவும் அடியும் வாங்கி, டெல்லி கரோல் பாகில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை பிடித்தவன் நான். மெட்ரோ வருவதற்கு முந்தைய காலம். கல்லாவில் உட்கார்ந்து பல்லைக் கடித்துப் பழகியவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும்.

குறைவாகக் கேட்டவர்

டெல்லியில் ஆம்பை உருளைக்கிழங்கு மாதிரி எடை பார்த்து வாங்குவார்கள். ஐம்பது வாட்ஸைக் காட்டினால் நூறு இருக்கிறதா என்பார்கள். அப்படிப்பட்ட கடைக்கு ஒரு டிசம்பரில் ஜெபராஜ் வந்தார். திருநெல்வேலிக்காரர், சர்க்கார் குமாஸ்தா, மோதி பாக் குவார்ட்டர்ஸில் வாசம். "சத்தம் கம்மியா ஒரு ஆம்ப் வேணும் அண்ணாச்சி. ஆனா உயிர் இருக்கணும்" என்றார். அத்தனை வருஷத்தில் சத்தம் கம்மியாகக் கேட்ட முதல் ஆள்.

அவர் மனைவி எஸ்தர் நர்ஸ். ராத்திரி டியூட்டி, பகலில் தூக்கம். இவருக்கு கிட்டார் எடுக்க சனிக்கிழமைப் பகல்தான் வாய்க்கும். "கோடையில கூலர் இரைச்சல்ல ஒண்ணும் தெரியல. இப்ப கூலரை மூடியாச்சு, பக்கத்து வீட்ல டீ ஆத்துறதுகூட கேக்கு. ரெண்டு தடவை எந்திரிச்சுட்டா. இன்னொரு தடவை எந்திரிச்சா கிட்டாரை சர்ச்சுக்குக் குடுத்துருவேன்னுட்டா. சொன்னா செய்வா" என்றார். வீட்டில் இருக்கும் பெரிய ஆம்பைக் குறைத்து வைத்தால் சப்பென்று இருக்கிறதாம். எனக்குச் சுரீரென்று வந்தது. "அப்போ வயரைப் புடுங்கிட்டு வாசிங்களேன்" என்றேன். மனிதர் கோபப்படவில்லை.

"அதுவும் பாத்துட்டேன் அண்ணாச்சி. கொசு ஜெபம் பண்ற மாதிரி இருக்கு."

செத்த பெட்டிக்கு விலை

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. சத்தம் இல்லாமல் உயிர் மட்டும் எப்படி வரும்? பழைய ரேடியோவில் இருப்பது போல் கண்ணாடிக் குழாய் வைத்த சின்ன வால்வு ஆம்ப் என்றால் வரும் என்று அவர் ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். வால்வை ஓரளவு முடுக்கினால்தான் குரல் கனியுமாம். பெட்டி சின்னதாக இருந்தால் அந்த இடம் சீக்கிரம் வந்துவிடுமாம். அடுத்த வாரமே சாணக்யபுரியில் ஊரைக் காலி செய்யும் ஒரு தூதரக அம்மாள் வீட்டில் அப்படி ஒன்று அகப்பட்டது. ஐந்தே வாட்ஸ். அமெரிக்கப் பெட்டியாக இருந்தால் நம் கரண்டில் நேராகச் சொருகினால் கருகிவிடும். இது ஐரோப்பாவிலிருந்து வந்தது, பயமில்லை.

சொருகினேன். கிட்டாரில் மாட்டும் ஒயர் முனையில் விரலை வைத்தேன். உயிருள்ள ஆம்ப் என்றால் கொர்ரென்று உறும வேண்டும். இது மூச்சு விடவில்லை. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். செத்த பெட்டி, காயலான் கடைக்குக்கூட ஆகாது, தூக்கிப்போகிற கூலி எனக்கு நஷ்டம் என்று ஹிந்தியில் பொரிந்து தள்ளினேன். விலை இறங்க இறங்க, உள்ளே கண்ணாடிக் குழாய்கள் செக்கச்செவேலென்று காய்ந்து, என் விரலுக்கடியில் பெட்டி உறுமியது. வால்வு சூடேற நேரமாகும் என்பது அவசரத்தில் மறந்தே போயிற்று. அந்த அம்மாள் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் நிதானமாகக் கேட்டார்:

"செத்ததுக்கே இவ்வளவு நேரம் பேசினீர்கள். இப்போது உயிர் வந்துவிட்டதே, இனி எவ்வளவு?"

முழுசாகத் திருப்பு

எங்கள் கடைத்தெருவில் ஆம்பைச் சோதிப்பது ஒரே விதம்தான். குமிழை முழுசாகத் திருப்பி, கிழிகிறதா என்று கேட்பது. ஜெபராஜ் கிட்டாரோடு வந்ததும் அப்படியே திருப்பினேன். ஐந்து வாட்ஸ்தானே என்று நினைத்தேன். ஷட்டர் அதிர்ந்தது. ஜெபராஜுக்கு முகம் செத்துவிட்டது. பக்கத்துப் புடவைக்கடை சர்தார்ஜி எழுந்தே வந்துவிட்டார்.

ஜெபராஜ் மெல்லக் குறைத்தார். பாதிக்கும் கீழே ஓரிடத்தில் தந்தி அழுத்தமாக ஒலித்தது. அதே சமயம் வெளியே ரிக்‌ஷா மணியும் கேட்டது. இது அவர் வீட்டுக்குச் சரிப்படுமா என்று கரோல் பாக் இரைச்சலில் எப்படிச் சொல்வது? வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்பவனை நான் படியேற விடுவதில்லை. ஆனாலும் எனக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது. கூடவே நானும் வருகிறேன் என்று கடையைப் பூட்டினேன். சர்தார்ஜி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பையா, நூறு வாட்ஸ் வாங்கினவன் வீட்டுக்கு என்றைக்காவது போயிருக்கிறாயா?"

ரஜாய் மேல் ஆம்ப்

மோதி பாக் வீட்டில் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. எஸ்தர் தூங்குகிறார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தோம். தரையில் அதிர்வு போகாமலிருக்க குளிருக்குப் போர்த்தும் ரஜாயை மடித்துப் போட்டு, அதன்மேல் ஆம்பை வைத்தார். சூடேறும்வரை இருவரும் கும்பிடப் போன மாதிரி உட்கார்ந்திருந்தோம். பிறகு வாசித்தார். நான் கதவில் காதை வைத்தேன். உள்ளே சீரான மூச்சு. இன்னும் கொஞ்சம் திருப்பச் சொல்லி சைகை காட்டினேன். அந்தக் கனிந்த இடம் வந்தது. மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே அதே மூச்சு.

பாட்டு முடிந்ததும் காதோடு காதாக விலை கேட்டார். சொன்னேன். "அச்சா, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றார். நானும் கிசுகிசுப்பாகத்தான் ஆரம்பித்தேன். சாணக்யபுரி அம்மாள் என்னை உரித்த கதையில் குரல் ஏறியிருக்க வேண்டும். கதவு திறந்தது. ஜெபராஜ் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டார். எஸ்தர் ஆம்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"கிட்டார் ஏதோ கனவுல கேட்ட மாதிரி இருந்துச்சு, நல்லாத் தூங்கினேன். பெட்டி இருக்கட்டும், அவர் கேட்ட மாதிரி விலையைக் குறைச்சுக் குடுத்துட்டு நீங்க கிளம்புங்க அண்ணாச்சி."

வீட்டில் வாசிக்கச் சின்ன வால்வு ஆம்ப் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, வாட்ஸைப் பார்க்காதீர்கள், தூங்குகிறவர் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், அங்கே விலை பேச மட்டும் என்னைப் போன்றவனை விடாதீர்கள்.