நயினார்கோவில் பக்கம் ஒரு கண்மாய்க் கரை

கல்யாணமான கையோடு நானும் வள்ளியும் ராமேஸ்வரம் புறப்பட்டது ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதம். வழியில் நயினார்கோவில் பக்கம் அவளுடைய சித்தப்பா வீட்டில் ஒரு வேளை விருந்து, மறுநாள் ராமேஸ்வரத்தில் கடல் குளியல் என்பது திட்டம். அப்போது நான் அணை கட்டும் இடங்களில் மண் பரிசோதிக்கும் என்ஜினீயர். மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதது அதிகம் இல்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான்.

மதுரையிலிருந்து காலை ரயிலில் பரமக்குடி வந்து இறங்கினோம். அங்கிருந்து நயினார்கோவிலுக்கு ஏறக்குறைய எட்டு மைல் பஸ், பிறகு இரண்டு மைல் மாட்டு வண்டி. மழை விட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கரிசல் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, கடைசி அரை மைல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். மழைக்காலத்தில் போகிறவர்கள் பட்டுப்புடவையைப் பெட்டியிலேயே வைத்துவிடுவது நல்லது. சொன்னேன், வள்ளி கேட்கவில்லை.

சித்தப்பாவின் வீடு கண்மாய்க் கரைக்கு நேர் கீழே. சாமான்கள் எல்லாம் வாசலில் மூட்டையாகக் கிடந்தன. விருந்தாவது ஒன்றாவது! கண்மாய் நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் வழியவே, ஊர்க்காரர்கள் பயந்துபோய் முதல்நாள் எல்லா மடைகளையும் முழுக்கத் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் மளமளவென்று இடுப்பளவு இறங்கியதும் கரை உச்சியில் நீளவாக்கில் வெடிப்பு விழுந்துவிட்டது.

"வெடிச்சிருச்சு மாப்பிள்ளை. கரையை வெட்டியாவது மிச்சத் தண்ணியையும் வெளியேத்தணும்னு ஆளுக வாராக," என்றார் சித்தப்பா.

கரைமேல் ஏறிப் பார்த்தேன். வெடிப்பின் தண்ணீர்ப் பக்கம் இரண்டு விரல் தணிந்திருந்தது. எனக்கு அதுவே போதும்.

"வெட்ட வேண்டாம் மாமா. மடையை அடைச்சிருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விளக்கினேன். ஊறிய களிமண் சரிவை இதுவரை சாயாமல் தாங்கியதே கண்மாய்த் தண்ணீர்தான். அது சட்டென்று இறங்கினால், மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் அதே வேகத்தில் வடியாது. கனத்த மண் பிடிமானம் இல்லாமல் உள்பக்கம் சரியும். கரை அப்படி மெலிந்தால் மிச்சத் தண்ணீரே உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிடும். முதலில் அடைத்துவிட்டு, பிறகு மடையைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு நாளைக்கு ஒரு சாண் மட்டும் இறக்க வேண்டும் என்றேன்.

"நீங்க சொல்லிப்பிட்டு நாளைக்கு ராமேஸ்வரம் போயிருவீக. கரை போச்சுன்னா போறது என் வீடுல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம். அதற்குள் வள்ளி வாசலில் கிடந்த பாய் ஒன்றை அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுபோனாள்.

"நாங்க இங்கனதான் படுக்கப்போறோம். மடையை அடைங்க சித்தப்பா," என்றாள்.

கரையை வெட்ட வந்த ஆட்களை வைத்தே அடைத்தார். அதற்குப் பிறகு கிழக்கே மேகம் கூடும்போதெல்லாம் கரைமேல் ஏறி வெடிப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். என் கணக்கு சரிதான், ஆனால் மழை அதைப் பார்த்துக்கொண்டா பெய்யும்? நல்லவேளையாகத் தூறலோடு போயிற்று. தண்ணீர் சாண் சாணாக இறங்கியது, வெடிப்பு அதற்குமேல் விரியவில்லை. என் லீவு முடிகிற அன்று சித்தப்பா கடைசி மூட்டையையும் உள்ளே தூக்கிப்போனார். அன்றைக்குத்தான் விருந்து.

ராமேஸ்வரம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அந்தத் தடவை பார்க்கவில்லை. நயினார்கோவில் போகிறவர்கள் பரமக்குடியில் இறங்குவதே வசதி. கண்மாய்க் கரையில் நடந்தால் காலடியைக் கவனியுங்கள். நீளவாக்கில் வெடித்து ஒரு பக்கம் தணிந்திருந்தால் உடனே ஊருக்குள் சொல்லுங்கள். யோசனையும் சொல்வதாக இருந்தால், அன்றிரவு கரைக்குக் கீழே படுத்துத் தூங்கத் தயாராகப் போங்கள்.