வயலின் வந்த பிறகு

சுருளிராஜன் பத்தொன்பது வயதில் நூற்பாலைக்குள் நுழைந்தவர். ஆலை தேனிக்குக் கிழக்கே இருக்கிறது. நூல் முறுக்கும் ரிங் ஃபிரேம் ஓடும் கூடத்தில் ஃபிட்டர் வேலை. ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுழலும்போது பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். ஆறே மாதத்தில் அவருக்கும் அது பழகிவிட்டது. அந்தப் பழக்கம் இருந்ததால்தான், காது போய்க்கொண்டிருக்கிறது என்பதை வீட்டுக்கும் ஊருக்கும் தெரியாமல் அத்தனை வருஷம் அவரால் மறைக்க முடிந்தது. தனக்கே தெரியாமல் மறைத்திருந்தார் என்றும் சொல்லலாம்.

ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த கிங்ஸ்லிதான் அவரை ட்ரம்ஸ் பக்கம் இழுத்தது. கிங்ஸ்லி ராயப்பன்பட்டிக்காரர், கோயில் பேண்டில் சாக்ஸபோன் வாசிப்பவர். ஒரு கிறிஸ்துமஸுக்கு ட்ரம்ஸ் அடிக்கிற ஆள் வராமல் போக, டீக்கடை பெஞ்சில் எப்போதும் விரலால் தட்டிக்கொண்டே இருக்கும் சுருளிராஜனைப் பிடித்து உட்கார வைத்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவேயில்லை.

அதே ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்த அருளப்பன் பேஸ் கிடாரோடு வந்து சேர்ந்தார். கம்பத்தில் செல்போன் கடை வைத்திருந்த சூரியபிரகாஷ் கீபோர்டோடு வந்தான். நால்வரும் சேர்ந்து 'மேற்குக்காத்து' என்று பெயர் வைத்தார்கள். சின்னமனூரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே ஒரு அறை. வாரம் இரண்டு சாயங்காலம் ஒத்திகை. ஒரு கும்மி மெட்டையோ கோயில் பாட்டையோ எடுத்து, ஏழு எண்ணிக்கையில் போட்டு, நடுவில் ஆளுக்கொரு பக்கம் இஷ்டம்போல் போய்விட்டு, கடைசியில் ஒன்றாகத் திரும்பி வருவார்கள். அதற்கு ஜாஸ் ஃபியூஷன் என்று பெயர் என்பதே, குமுளி ரிசார்ட் மேனேஜர் வாசலில் போர்டு எழுதி வைத்த பிறகுதான் சுருளிராஜனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் மலையேறி அந்த ரிசார்ட்டில் வாசித்தார்கள்.

போன வருஷம் ஜூனில் கிங்ஸ்லி மஸ்கட்டுக்குப் போனார். ஆலையில் ஆள் குறைத்தார்கள். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். வேறு வழியில்லை. போகும் அன்று சுருளிராஜனின் தோளைப் பிடித்துக்கொண்டு, "பேண்ட கலைச்சுப்புடாதீக மாப்ள. யாரயாச்சும் சேத்துக்கிட்டு ஓட்டுங்க" என்றார்.

நாலு மாதம் அந்த அறை பூட்டிக் கிடந்தது. அருளப்பன்தான் ஜாய்ஸைக் கண்டுபிடித்தார். மேகமலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த பெண். கான்வென்ட் விடுதியில் படித்தபோது அங்கிருந்த சிஸ்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வயலின். இப்போது தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர். இருபத்தாறு வயது. முதல் நாள் வந்து, நின்றபடியே கண்ணை மூடி ஐந்து நிமிஷம் வாசித்தாள். முடித்ததும் அருளப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். சூரியபிரகாஷ், "ஆத்தாடி!" என்றான்.

சுருளிராஜனும் தலையை ஆட்டினார். ஆனால் அவர்கள் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. பாதி நேரம் வில் ஓடியது, விரல் நடுங்கியது, சத்தம் மட்டும் இல்லை. கீழ்க் கம்பிகளில் அவள் வாசித்தபோது நன்றாகக் கேட்டது. மேலே போகப் போக, யாரோ கதவைச் சாத்திக்கொண்டு போவதுபோல் அடங்கி, பிறகு ஒன்றுமேயில்லாமல் போனது. கரண்ட் கோளாறு என்று நினைத்தார். ஆனால் அவள் மைக் எதுவும் வைத்து வாசிக்கவில்லை.

கிங்ஸ்லியின் சாக்ஸபோன் கனத்த குரல். அது இருந்தவரை அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சிம்பல் மட்டும் கொஞ்ச காலமாக மழுங்கலாகக் கேட்டது. தகடு பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓங்கி அடிப்பார். அருளப்பன் ஒன்றும் சொல்லாமல், சத்தம் குறைய அதன் அடியில் துணியைச் சுருட்டி ஒட்டிவைத்ததை இப்போதுதான் யோசித்துப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஒத்திகையிலும் அவர் வேலை காதில் இல்லை, கண்ணில் இருந்தது. ஜாய்ஸின் வில் எப்போது திரும்புகிறது, முழங்கை எப்போது இறங்குகிறது, முடிக்கப்போகும்போது தாடை எப்படி அசைகிறது என்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தார். ஆலையில் உதட்டைப் படித்தவருக்கு அது பெரிய கஷ்டமாக இல்லை. வீட்டுக்கு வந்தால் தலை விண்விண்ணென்று தெறிக்கும். சோற்றைப் போட்டுவிட்டு மனைவி யுவராணி ஏதோ கேட்பாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏங்க, மூணு தடவ கேட்டாச்சு. மோரு ஊத்தவா வேணாமா?"

"ம்... போடு."

"மோர யாரு போடுவா?" என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே சற்று நேரம் பார்த்தாள்.

ஜாய்ஸ் புதிதாக ஒரு மெட்டு கொண்டுவந்தாள். மேகமலையில் பனி இறங்கித் தேயிலைக் காட்டை மூடுகிற நேரத்தை நினைத்துப் போட்டது என்றாள். கடைசியில் மற்றவர்கள் எல்லோரும் நின்றுவிட வேண்டும். வயலின் மட்டும் தாளமில்லாமல் தன் போக்கில் மேலே ஏறி, மெலிந்து, அணைந்துபோகும். அது அணைந்த நொடியில் சுருளிராஜன் கம்பி பிரஷ்ஷால் ஸ்னேர் ட்ரம்மில் மெதுவாகத் தேய்த்துத் தொடங்க, மறுபடி எல்லோரும் உள்ளே வருவார்கள்.

"எண்ணிக்கை ஏதாச்சும் வச்சுக்குவமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம்ணே. எண்ணுனா அது செத்துப்போகும். நீங்க கேட்டு வாங்க, போதும்."

கேட்டு வாங்க என்ற அந்த வார்த்தை அவரை என்ன செய்தது என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

ஜனவரியில் கொச்சியில் நடக்கும் ஒரு இசை விழாவுக்கு பேண்டுகளைத் தேர்வு செய்ய இரண்டு பேர் குமுளிக்கு வந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ரிசார்ட் புல்வெளியில் வாசிப்பு. ஜாய்ஸின் மெட்டைக் கடைசியில் வைத்திருந்தார்கள். எல்லாம் நன்றாகவே போனது. மற்றவர்கள் நின்றார்கள். வயலின் தனியாக ஏறத் தொடங்கியது. அப்போது ஜாய்ஸ், ஒத்திகையில் ஒருநாளும் செய்யாதபடி, இரண்டடி முன்னால் போய் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வில் தெரியவில்லை. முழங்கை அவள் உடம்புக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. சுருளிராஜன் பிரஷ்ஷைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். இன்னும் வாசிக்கிறாளா, முடித்துவிட்டாளா? அருளப்பனைப் பார்த்தார், அவர் தலை குனிந்திருந்தது. முந்திக்கொண்டு தொடங்கிக் கெடுத்துவிடக் கூடாது என்ற ஒரே பயம். காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. சட்டென்று புல்வெளியில் ஆட்கள் எழுந்து நிற்பதையும் கைகள் அசைவதையும் பார்த்தார். கைதட்டல் சத்தம் தூரத்தில் மழை பெய்வதுபோல் வந்தது. ஜாய்ஸ் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

முடிந்தது, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தார். வந்திருந்த இருவரில் ஒருவர் மேடைக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் ஏதோ சொன்னார். சுருளிராஜனுக்கு மலையாளம் ஓரளவு தெரியும். அந்த வேகத்துக்கு உதட்டைப் படிக்கத் தெரியாது. சூரியபிரகாஷ்தான் எடுத்துச் சொன்னான்.

"அண்ணே, வயலின் நின்ன பெறகு நீங்க வாசிக்காம விட்டீகள்ல, அந்த மௌனத்துக்கு மயிர்க்கால் நட்டுக்கிச்சாம். ட்ரம்ஸ்காரர் ஒருத்தர் இம்புட்டு அடக்கமா இருந்து பாத்ததே இல்லைங்கிறாரு. நாம செலக்ட்டுண்ணே!"

"உங்களுக்கு எப்டிண்ணே தோணுச்சு?" என்று ஜாய்ஸ் கேட்டாள். "அங்கன வாசிக்கவே கூடாதுன்னு எனக்கே தெரியல."

அவர் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பைத்தான் பின்னால் அவரால் மன்னிக்க முடியவில்லை. கூடலூர் தாண்டி வண்டி வரும்வரை மற்ற மூவரும் பாட்டும் கேலியுமாக இருந்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரமே யுவராணி அவரைத் தேனிக்குக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை வலி, துணைக்கு வாங்க என்றாள். உள்ளே போன பிறகு டாக்டரிடம், "எனக்கில்ல சார். இவுகளுக்கு" என்றாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினார். பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து எழுந்துவிட்டார். சோதனை செய்த பெண் கண்ணாடிக்கு அப்பால் இருந்து உட்காருங்க என்று சைகை காட்டினாள்.

தாளில் ஒரு கோடு. இடது பக்கம் கனத்த சத்தங்களுக்கு ஒழுங்காக வந்து, வலது பக்கம் உச்சச் சத்தங்களுக்கு மலையிலிருந்து விழுவதுபோல் விழுந்திருந்தது.

"மில்லா, ட்ரம்ஸா சார்?" என்று சுருளிராஜன் கேட்டார்.

"ரெண்டும்தான். நரம்பு போயிருச்சு. போனது திரும்பாது. மெஷின் வச்சுக்கலாம், பேச்சுக்கு உதவும். பாட்டுக்கு அவ்வளவா உதவாது. இருக்கிறதயாச்சும் காப்பாத்திக்கங்க. மில்லுல காதடைப்பான் இல்லாம நிக்காதீங்க. ட்ரம்ஸ விட்ருங்க."

பஸ் ஸ்டாண்டில் யுவராணி அவர் எதிரே வந்து நின்று, வாய் நன்றாகத் தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நாலு வருஷமா எனக்குத் தெரியும். நீங்களா சொல்லுவீகன்னு இருந்தேன்."

அவருக்கு அழுகை வந்தது. அத்தனை கூட்டத்தில் எங்கே போய் அழுவது? பொம்மைக் கடையில் தொங்கிய பிளாஸ்டிக் பந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஒத்திகைக்குப் போய், யாரும் வாத்தியத்தைத் தொடுமுன் சொன்னார். "குமுளில நான் வேணும்னு விடல. முடிஞ்சதே எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ள வாசிக்கிறதுல பாதி எனக்குக் கேக்காது. வந்த நாள்ல இருந்தே கேட்டதில்ல."

கீழே கடையில் யாரோ மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அந்த அதிர்வு தரை வழியாக அவர் காலில் ஏறியது.

"நான் திரும்பி நின்னே வாசிக்கிறேன்ணே," என்றாள் ஜாய்ஸ் அவசரமாக. "உங்களப் பாத்தே வாசிக்கிறேன். கண்ணால சொல்லிர்றேன்."

"என்னய மட்டும் பாத்து வாசிச்சா, முன்னால இருக்கிற சனத்துக்கு யாரும்மா வாசிக்கிறது?"

அருளப்பன் அவர் கையைப் பிடித்தார். "எனக்கு அரசல்புரசலாத் தெரியும் சுருளி. சிம்பல்லயே தெரிஞ்சுச்சு. கேட்டா மனசு ஒடிஞ்சிருவீகன்னு..."

"கேட்டிருக்கலாம் வாத்தியாரே," என்றார் சுருளிராஜன். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு ட்ரம்மின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டுப் படியிறங்கினார்.

கொச்சிக்கு உத்தமபாளையத்து அஜய்குமார் ட்ரம்ஸ் வாசிக்கப் போனான். சென்னையில் முறையாகக் கற்றுக்கொண்டு வந்தவன். பதினைந்து நாளில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டான். நீங்களும் கூட வந்தே ஆகணும் என்று நால்வரும் வற்புறுத்தியதால் சுருளிராஜனும் வண்டியில் ஏறினார். மூன்றாவது வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அருளப்பனின் பேஸ் நெஞ்சில் இடித்தது. அது போதுமாக இருந்தது. ஆனால் அவர் கண் அஜய்குமாரின் கையை விட்டு அசையவில்லை. ஏழாவது எண்ணிக்கையில் இடது கையை எங்கே வைக்கிறான், எங்கே விடுகிறான், எனக்குத் தோன்றாதது இவனுக்கு என்ன தோன்றுகிறது என்று, கல்யாண வீட்டில் சமையல்காரனை வெறிக்கும் இன்னொரு சமையல்காரன் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாக வாசித்தான். அவரைவிட நன்றாக வாசித்தான். அரங்கம் எழுந்து நின்றபோது அவரும் எழுந்து கைதட்டினார்.

வாசித்து முடித்து இறங்கியதும் ஜாய்ஸ் நேராக அவரிடம்தான் வந்தாள். வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. எதிரே நின்று, அவர் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு பேசினாள். அதை யுவராணியிடமிருந்து கற்றிருக்க வேண்டும்.

"கடைசிப் பாட்ட ஒரு சுத்து கீழ்க் கம்பிலயே வாசிச்சேன்ணே. ஒத்திகைல கூட யாருக்கும் சொல்லல. உங்களுக்காகத்தான். கேட்டுச்சா?"

கேட்டிருக்கக்கூடிய சத்தம்தான் அது. அந்த நேரத்தில் அவர் அஜய்குமாரின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாய்ஸ் என்று ஒருத்தி மேடையில் இருப்பதே அவருக்கு மறந்திருந்தது.

"கேட்டுச்சும்மா," என்றார் சுருளிராஜன். "நல்லாவே கேட்டுச்சு."

அவள் முகம் மலர்ந்தது. யாரோ கூப்பிட, சாப்பிட வாங்கண்ணே என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவர் காலியாகிக்கொண்டிருந்த நாற்காலிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வாசிப்புக்கு முன் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்த காது மெஷினைத் தடவிப் பார்த்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார். மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்ட்.