படிவத்தில் நான் மாற்றுத்திறனாளி

என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. சம்பளத்தில் பிடித்த வருமான வரியைத் திருப்பி வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே அவரிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தார். எனக்கு மட்டும் மனசு உறுத்தியது.

"எப்படிங்க திரும்ப வரும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம், வருமான வரி வெப்சைட் பாஸ்வேர்டு மட்டும் குடுங்க."

அவர் நிரப்பி வைத்திருந்த வரிப் படிவத்தைக் காட்டச் சொல்லிப் பிடிவாதமாக நின்றேன். அதில் மனைவி மாற்றுத்திறனாளி என்று எழுதியிருந்தது. தினமும் சைக்கிளில் மார்க்கெட் போகிறவள் நான்!

"சும்மா பேப்பர்லதாங்க, அப்படிப் போட்டா வரிச் சலுகை கிடைக்கும்" என்று ஏஜென்ட் சிரித்தார்.

"எல்லாரும் செய்யறாங்களே" என்று கணவர் இழுத்தார். நான் பாஸ்வேர்டைக் கொடுக்கவிடவில்லை.

மறு வருடம், இதே மாதிரிப் பொய்த் தகவலுக்காகப் பக்கத்து வீட்டுக்கு வரித்துறை நோட்டீஸ் வந்தது. திரும்பி வந்த பணத்தை அபராதத்தோடு திருப்பிக் கட்டினார்கள். ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை.

இப்போது நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகே படிவத்தை அனுப்புகிறோம்.