ஏழாவது கழிப்பறை

2022 டிசம்பர் 28, காலை ஐந்து நாற்பது. எதிரே வருபவர் தெரியாத பனி. ரெட்டிபாளையத்துக்கு அப்பால் ஒரு காலனியில், நான் வரைபடம் போட்டுக் கொடுத்த பொதுக் கழிப்பறையின் முன்னால் நின்றிருந்தேன். பெண்கள் பக்கம் ஏழு அறைகள். திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட குழியோரத்துக்கே பெண்கள் மறுபடி ஒதுங்கப் போகிறார்கள் என்று பெரம்பலூரில் இருந்த எனக்குப் போன் வந்தது. முந்தின வருடம் இதே போன்ற பனியில் ஒரு பெண் அந்தக் குழியில் தவறி விழுந்து செத்த பிறகுதான் கழிப்பறையே கட்டினார்கள். இன்னொருத்தி விழுந்தால்? அந்தக் கவலை என்னைத் தூங்கவிடவில்லை.

செத்தவளின் தாயை எல்லோரும் பெரியம்மா என்பார்கள். கழிப்பறைச் சாவி அவரிடம்தான் இருந்தது.

இருட்டில் ஒதுங்கும் பெண்களிடம் அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்கொரு மறைவில் உட்கார்ந்ததும் ஒருத்தி "இருக்கீங்களாடி?" என்று கேட்பாள், மற்றவர்கள் "இருக்கேன்" என்பார்கள். பாம்புக்கும் ஆம்பளைக்கும் பயந்து வந்த வழக்கம். கழிப்பறைக்குள்ளும் அதை அவர்கள் விடவில்லை. எனக்குக் காட்டுவதற்காக அன்று ஐந்து பேரும் பெரியம்மாவும் ஆளுக்கொரு அறைக்குள் போனார்கள். ஏழாவது அறை வெளியே பூட்டியிருந்தது. பெரியம்மா கேட்டார். நான் விரல் மடக்கினேன். ஐந்து பதில் வரவேண்டும். ஆறு வந்தது.

"கேட்டுச்சா சார்? பிளான் போட்டப்ப அவளையும் சேத்துத்தான் எண்ணுனீங்களா?" என்றாள் வெளியே வந்த ஒருத்தி. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

நான் காரணம் சொன்னேன். செலவைக் குறைக்க ஏழு அறைக்கும் ஒரே காற்றுக்குழாயைப் பின்சுவரில் ஓட்டியிருந்தேன். குரல் அதன் வழியே போய்க் காலி அறையில் மோதித் திரும்புகிறது. திட்டத்தின் கணக்கு முடிந்துவிட்டதால் என் கைக்காசில் அறைக்கொரு குழாய் வைத்தேன். அந்தக் குரல் நின்றது. பெண்கள் திரும்பி வந்தார்கள். பெரியம்மா மட்டும் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு, சொம்போடு குழியோரம் போனார்.

தடுக்க ஓடினேன். "எம்மவ ஒருத்தி பதில் சொல்லிட்டு இருந்தா சார். அவ வாயை அடச்சுப்புட்டீங்க. விழுந்த எடத்துலயாவது கூப்புட்டுப் பாக்குறேன்" என்றார். அவர் காலடியில் ஈரமண் குழிக்குள் சரிந்தது.

உடனே கொத்தனாரை வரவழைத்து, ஆறாவது அறையையும் ஏழாவதையும் மட்டும் பழையபடி ஒரே குழாயில் சேர்த்தேன். மறுநாள் விடியுமுன் பெரியம்மா தனியாக வந்து ஆறாவதில் தாழிட்டுக்கொண்டார். மற்ற கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஆளில்லை. ஏழாவதில் பூட்டு தொங்கியது.

"இருக்கியாடி?"

"இருக்கேன்."

மோதித் திரும்பும் குரல் கேட்ட சொல்லைத்தான் திருப்பித் தரும். நான் அங்கே நிற்கவில்லை. அதன்பிறகு பெரியம்மா குழிப்பக்கம் போனதில்லை என்கிறார்கள். குழாய் வைத்தது, உடைத்தது, மறுபடி சேர்த்தது, கொத்தனார் கூலி, பெரம்பலூருக்கும் அங்குமாக என் பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது பதினான்காயிரத்து முந்நூற்று எண்பத்தாறு ரூபாய்.