ஆதாரமற்ற என்றால் என்ன அர்த்தம்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மீடியம் படித்த முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் தாயில்பட்டியில் மாமா நடத்திய பட்டாசுக் கம்பெனிக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களுக்கு நான்தான் அர்த்தம் சொல்ல வேண்டும். அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஒரு தீபாவளி சீசனில், அங்கே வெடிகளுக்குள் மருந்து செலுத்தும் அக்கா ஒருவர் கம்பெனி மேல் பெட்டிசன் போட்டுவிட்டார். அறைக்கு நாலு பேர்தான் என்பது விதி. ஆர்டர் நெருக்குகிறது என்று மிச்ச ஆட்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வேலை வாங்குகிறார்கள் என்பது புகார். அதிகாரிகள் வந்து பார்த்துப் போனார்கள். பிறகு கடிதம் வந்தது. புகார் ‘அன்ஃபவுண்டட்’ என்றிருந்தது. அகராதியைப் புரட்டினேன். ஆதாரமற்ற. மாமா அந்தக் கடிதத்துக்கு மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். எனக்கு ஒரு பொட்டலம் சேவு கிடைத்தது.

சேவைத் தின்றுகொண்டே குழம்பினேன். அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள் நானும் மாமாவோடு கம்பெனிக்குப் போயிருந்தேன். அந்த மரத்தடியில்தான் பத்துப் பேரோடு அக்கா உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் வெள்ளிப் பொடி. “கிட்ட வராத பாப்பா” என்று என்னைத் தூரத்திலேயே நிறுத்திவைத்துப் பேசினார். நாங்கள் கிளம்பும்போது மரத்தடியைக் கூட்டிச் சாணி தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ சாமி கும்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். “ஆபீசருக எழுதுனா சரியாத்தான் இருக்கும். சாப்பிடு” என்றாள்.

மறுவாரம் அந்த அக்கா மாமாவைத் தேடி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். “வேலைய விட்டு நிறுத்திட்டீகளே மொதலாளி. நான் பொய்யா சொன்னேன்?”

மாமா என்னைக் கூப்பிட்டார். “அந்தக் கடுதாசிய வாசிச்சு அர்த்தம் சொல்லு பாப்பா.”

பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதைப் போல் கணீரென்று வாசித்தேன். அர்த்தமும் சொன்னேன். கேட்காமலேயே, அகராதியில் இருந்த உதாரண வாக்கியத்தையும் சொன்னேன்: அவளுடைய பயம் ஆதாரமற்றது.

அக்கா என்னையே பார்த்தார். “பாப்பா, அன்னைக்கு நீயும் அங்கனதான நின்ன?”

மாமா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

“ஆமாக்கா. ஆனா அர்த்தம் இதுதான். வேணும்னா அகராதிய எடுத்துட்டு வரவா?” என்றேன்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினார். நான் சரியாகத்தானே சொன்னேன், ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆதாரத்தைத் தேடித்தான் அவர் என் முகத்தைப் பார்த்தார் என்பது தெரியாமல், நான் அகராதியை எடுக்க ஓடினேன்.