கோடித் தண்ணீர் தாண்டி எடுத்த படம்

மாடியில் குடியிருக்கும் தம்பி புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறார். நிறுத்தி வைத்தால் பாதி வாசலை அடைத்துக்கொள்கிறது. பால்காரர் தினமும் அதைச் சுற்றி வந்து முணுமுணுக்கிறார். போன வாரம் ஊரே மழைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் மழைக்கோட்டு, முட்டிக் கவசம், தண்ணீர் புகாத பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கேப்பா என்று கேட்டேன். "அட்வென்ச்சர் ரைடு அங்கிள். தார் ரோட்டுப் பக்கமே போகக் கூடாது. ஃபுல்லா கப்பி ரோடு, சேறு, தண்ணி. அதுலதான் த்ரில்லு" என்றார். கப்பி ரோடு எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடிச் சொல்ல ஒரு குழு வேறு வைத்திருக்கிறார்களாம். அடப்பாவமே என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் காலத்தில் அது எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடந்தது. அதிலிருந்து தப்பிக்கத்தான் வழி தேடினோம்.

சாயங்காலம் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினார். சூடான சைலன்சரில் அப்பியிருந்த சேறு காய்ந்து புகைந்தது. சுட்ட மண்ணும் எண்ணெயும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் மனசால் காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையைத் தாண்டிப் போய்விட்டேன். கையிலிருந்த காபி ஆறிப்போயிற்று. அதைச் சொல்லவும் வீட்டில் ஆள் கிடையாது. அப்படியே குடித்து வைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு வேலை. படம் எடுக்கவும் கழுவவும் ஆள் நான்தான். படத்தில் அம்மைத் தழும்பை மறைப்பது, வழுக்கையில் நாலு முடி நடுவது மாதிரி தூரிகை வேலையும் என் பாடுதான். மேலே இருட்டறைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் படுத்துக்கொள்வேன். திண்டிவனம் பக்கம் என் ஊர். அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள், அப்பா அப்புறம். ஊர் என்று சொல்ல ஒரு பேர் இருந்ததே தவிர, போனால் கதவைத் திறக்க ஆள் இல்லை. தீபாவளிக்கு ஸ்டூடியோவை மூடினால் எனக்குத்தான் திண்டாட்டம். கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டுப் பொழுதை ஓட்டியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் உயிரோடு இருப்பவர்கள் படம் எடுத்துக்கொள்ள அவ்வளவாக வரமாட்டார்கள். எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒரு பயம். அதனால் பல பேருக்கு முதல் படமும் கடைசிப் படமும் செத்த அன்றைக்கு எடுப்பதுதான். சாய்த்து உட்கார வைத்து எடுப்போம். பிறகு மூடிய இமைமேல் வெள்ளையும் கறுப்பும் தீட்டி, பார்க்கிற மாதிரி ஆக்குவோம். அதற்குத் தொழிலில் 'கண் திறக்கிறது' என்று பேர். சிற்பிகள் சாமி சிலைக்குச் செய்கிறதைத்தான் நாங்கள் செத்தவர்களுக்குச் செய்தோம், கொஞ்சம் மலிவாக. எனக்கு அதில் நல்ல கை என்று பேர் இருந்தது. எப்போதும் கேமராவை நேராகப் பார்க்கிற கண்ணாகத்தான் வரைவேன். பூஜைமாடத்துக்கு மேல் மாட்டினால் வீட்டில் எங்கே நின்றாலும் நம்மைப் பார்க்கும். ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் மத்தியானம் பேய் மழை. சைக்கிளில் நனைந்து ஊறி ஓர் ஆள் வந்து நின்றார். ஐயம்பேட்டைக்கு உள்ளே தள்ளி ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து வருகிறாராம்.

"எங்க அக்கா காலையில தவறிப்போச்சிப்பா. ஒரு படம்கூட கெடையாது. மாமா படம் எடுக்காம தூக்க வுடமாட்டன்னு குந்திக்கினு இருக்காரு. ஊரு ஜனம் எவ்ளோ நேரம் கேக்கும்? மழ பெய்யறதால வச்சிக்கினு இருக்காங்க. மழ வுட்டா எடுத்துடுவாங்க."

கூட வந்து வழி காட்டுங்கள் என்றேன். "இன்னும் நாலு ஊருக்கு சேதி சொல்லணும்பா. அத்தினி பேரு இருக்காங்க" என்று சொல்லி, எப்படிப் போவது என்பதைக் கையாலேயே காற்றில் வரைந்து காட்டிவிட்டு மழைக்குள் போய்விட்டார்.

முதலாளிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. ஸ்டார்ட் ஆனால் தெருவே அதிரும், ஆகாவிட்டால் நம் முழங்கால்தான் அதிரும். சாவியைக் கொடுத்துவிட்டு, "வண்டி பத்திரம். கேமரா அதவிடப் பத்திரம்" என்றார். மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். சொல்லவில்லை.

கேமராவை ரப்பர் ஷீட்டில் சுற்றிச் சட்டைக்குள்ளே வயிற்றோடு கட்டிக்கொண்டேன். ஃபிளாஷ் பல்புகள் என் சாப்பாட்டு டப்பாவில். ஐயம்பேட்டை வரைக்கும் பேருக்குத் தார் ரோடு. அங்கே இடது பக்கம் திரும்பியதும் கப்பி ரோடு ஆரம்பம். வெயில் காலத்தில் செம்மண் அமுங்கி ஒரு மாதிரி இருக்கும். மழையில் மண்ணெல்லாம் கரைந்து ஓடி, கல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். மாட்டு வண்டித் தடம் இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி ஓடுகிறது. தடத்தில் விட்டால் சக்கரம் புதைகிறது, மேட்டில் ஏற்றினால் கல் வழுக்குகிறது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, வாத்து நடக்கிற மாதிரி வண்டியை நடத்திக்கொண்டு போனேன். பாதி வழியில் ஒரு தடவை சாய்ந்தேன். கேமரா அடிபடக் கூடாதே என்று முதுகில் விழுந்தேன். முதலாளி பார்த்திருந்தால் சம்பளம் ஏற்றியிருப்பார்.

இதில் ஒரு கூத்து பாருங்கள். முகத்தில் ஊசி குத்துகிற மாதிரி மழை அடிக்கிறது, பல் கிட்டிக்கொள்கிறது, நானோ மழை விட்டுவிடக் கூடாது, விட்டுவிடக் கூடாது என்று ஏகாம்பரநாதரை வேண்டிக்கொண்டு போகிறேன். பெய்கிற வரைக்கும்தான் அந்த அம்மாவின் முகம் இருக்கும். விட்டுவிட்டால் சுடுகாடு, அப்புறம் சாம்பல். அந்த மனுஷனுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. வழி நெடுக ஒரு மனிதர் இல்லை. பனைமரமும் தண்ணீரும்தான். பேச்சுத் துணைக்கு வண்டிச் சத்தம் மட்டும்.

ஏரிக்கரைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினேன். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது. இந்தப் பக்கத்தில் அதற்கு 'கோடி போகிறது' என்பார்கள். கோடித் தண்ணீரில் ஒருவர் வலையை விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போவாதபா. காலையில ஒரு கன்னுக்குட்டிய இஸ்துக்கினு பூட்ச்சி" என்றார்.

"சாவுக்குப் போறேன்."

"யாரு உனக்கு?"

"யாரும் இல்ல. படம் எடுக்கப் போறேன்."

அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மழை விட்டது. திடீரென்று எங்கும் அமைதி. அந்த அமைதியில் தூரத்தில் பறைச் சத்தம் கேட்டது. எடுத்துவிட்டார்கள் என்று புரிந்தது.

திரும்பிப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் படம் வரும் என்று ஒருவர் காத்துக்கொண்டிருந்தாரே. என் வாழ்க்கையில் நான் வரவேண்டும் என்று ஒருவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றிற்று. வண்டியிலிருந்து இறங்கி, கியரில் போட்டு, என்ஜின் ஓட ஓடத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். தொடைவரைக்கும் வந்தது. நடுவில் காலடிக் கல் நகர்ந்தது. வண்டி என்னைச் சாய்க்கிறது, நான் வண்டியைச் சாய்க்கிறேன். உண்மையில் அப்போது பயத்தைவிட ஒரு துக்கம்தான் வந்தது. அந்த அம்மா செத்ததற்கு நாலு ஊருக்குச் சேதி போகிறது. நான் இங்கே போய்ச்சேர்ந்தால் எந்த ஊருக்கும் ஒருத்தரும் சைக்கிள் மிதிக்க வேண்டியதில்லை. நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தள்ளினேன். திடீரென்று பாரம் குறைந்தது. திரும்பினால், வலைக்காரர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறார். "ஏந்திக்கினு போ, ஏந்திக்கினு போ" என்றார். கரையேறியதும் வலையைப் பார்க்க ஓடிவிட்டார். நான் நன்றி சொல்லும் வரைகூட நிற்கவில்லை.

சுடுகாட்டுக்கு முன்னால் ஓர் அரிச்சந்திரன் கல் இருக்கும். பாடையை அங்கே கொஞ்ச நேரம் இறக்கி வைத்துச் சடங்கு செய்து, பிறகுதான் உள்ளே கொண்டு போவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பாடை அந்தக் கல் முன்னால் தரையில் இருந்தது. பெரியவர் ஒருவர், "இறக்கினத்துக்கு அப்புறம் படமா? நல்லா இருக்குதே" என்று முறைத்தார். பாடைக்குத் தலைமாட்டில் நின்றிருந்தவர், மார்பில் ஈரத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தவர், அவரைக் கையமர்த்தினார். அவர்தான் புருஷன். தறி நெய்கிறவர். என்னைப் பார்த்து, "வந்துட்டியாப்பா" என்றார். அவ்வளவுதான். சொந்தக்காரனைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

மறுபடி தூறல். நாலு பேர் ஒரு வேட்டியை மேலே விரித்துப் பிடித்தார்கள். இரண்டு பேர் தலைப்பக்கத்தைத் தூக்கிச் சாய்த்தார்கள். நெற்றிக் குங்குமம் மழையில் மூக்குவரைக்கும் வழிந்திருந்தது. புருஷன் துண்டால் முகத்தைத் துடைத்து, கட்டைவிரலால் பொட்டைத் திரும்ப வட்டமாக்கினார். முதல் பல்பு ஈரத்தில் எரியவில்லை. இரண்டாவது எரிந்தது. இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்பதற்குள் தூக்கிவிட்டார்கள்.

அந்த ஒரே படம் நன்றாக விழுந்திருந்தது. பெரிதாகப் போட்டு, என் கைவரிசையெல்லாம் காட்டிக் கண் திறந்தேன். தண்ணீரெல்லாம் தாண்டிப் போய் எடுத்த படமாயிற்றே, அதனால் கூடுதலாக ஒரு ராத்திரி உட்கார்ந்தேன். கருமாதி முடிந்து தறிக்காரர் வந்தார். நீட்டினேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குதுப்பா. ஆனா யாரையோ பாக்கற மாதிரி இருக்குது."

கண் பெரிதாகிவிட்டதா, சின்னதா, எப்படி இருக்கும் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன் என்றேன்.

"அது தெரியலியேப்பா. கலியாணம் ஆனதுலேர்ந்து எம் பக்கத்துல தறியில குந்திக்கினு பொடவ கரைக்கு நூல் நாடா தள்ளிக்கினு இருந்தா. நான் நடு ஒடம்ப நெய்வேன், அவ கரையப் பாத்துக்குவா. ரெண்டு பேரும் துணியத்தான் பாப்போம். மூஞ்சி பாத்து எங்க பேசினோம்? அவ கைய கேளு, ரேகையோட சொல்றேன்."

கண் திறக்காத இன்னொரு பிரதி இருந்தது. சும்மா அதையும் எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று.

"இதான்பா. இப்பிடித்தான் குனிஞ்சிக்கினு இருப்பா. எழ அறுந்திச்சின்னா பாப்பாளே, அப்பிடி. இதயே குடுத்துடு. தறிகிட்ட, அவ குந்தற பக்கமா மாட்டிக்கறேன்."

கண் திறந்த படத்தைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். "கிழிக்காத. மூஞ்சி அவளுதுதானே. நீயே வச்சிக்க" என்றார்.

வைத்துக்கொண்டேன். அறையில் படுக்கைக்கு எதிரே மாட்டினேன். சாப்பாடு கொண்டுவருகிற மெஸ் ஆள் ஒருநாள், "யாருப்பா, அம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இருட்டறையிலிருந்து வெளியே வந்தால் ஒரு முகம் என்னை நேராகப் பார்க்கும். பழகிப்போயிற்று. பிறகு பிழைப்புக்காக எந்தெந்த ஊருக்கோ போனேன், எல்லா அறையிலும் அந்தப் படம் வந்தது. போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன், சிரிக்காதீர்கள்.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்த ரோடு நல்ல தார் ரோடு ஆகிவிட்டது, ஏரியின் கோடியில் ஒரு பாலம் நிற்கிறது. அரிச்சந்திரன் கல் இருந்த இடத்தில் மனைகள் பிரித்துக் கொடி நட்டிருக்கிறார்கள். தறிக்காரர் போய்ப் பல வருஷம் ஆயிற்றாம். அவர் வீட்டில் இருந்த படத்தைப் பற்றி விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை.

என்னிடம் இருக்கிற படத்தில் கேமரா எடுத்ததெல்லாம் அப்படியே இருக்கிறது, பொட்டுகூட. நான் தீட்டிய மைதான் நிற்கவில்லை. முதலில் வெள்ளை உதிர ஆரம்பித்தது, பிறகு கருவிழி வெளுத்தது. திரும்பத் தீட்ட இப்போது கை நடுங்குகிறது. போன வருஷம் ஒருநாள் காலையில் பார்த்தேன், இமை இரண்டும் மூடி, அந்த அம்மா குனிந்துகொண்டிருந்தார். இந்த வீட்டில் இப்போது என்னைப் பார்க்க ஒருவரும் இல்லை.