உறை ஊற்றிப் பார்த்த ஐஸ்கிரீம்

எங்கள் வீட்டில் மாமனாரும் நானும் பேசிக்கொள்ள ஒரு பசுமாடு வேண்டியிருந்தது.

ஒரகடத்தை ஒட்டிய எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் மருமகள் மாமனாரின் முகத்துக்கு நேரே நின்று பேசமாட்டாள். மாமியார் இருந்தால் பேச்சு அவர் வழியாகப் போகும். என் மாமியார் நான் வாக்கப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். குழந்தையும் அப்போது இல்லை. என் வீட்டுக்காரர் காலையும் மாலையும் பால் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய்விடுவார். மிச்சம் இருந்தது தாழ்வாரத்தில் கட்டியிருந்த செவலைப் பசுதான்.

"ஏ செவல, கொழம்புல புளி தூக்கலா கீதுன்னு சொல்லு" என்பார் மாமனார், சோற்றைப் பிசைந்துகொண்டே. நான் அடுப்படியிலிருந்து, "செவல, நேத்து புளி பத்தலன்னு சொன்னது யாருன்னு கேளு" என்பேன். எனக்கும் வாய் நீளம்தான். மாடு பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருக்கும். உப்பு, காரம், சோற்றின் பதம், மோரின் புளிப்பு என்று அவர் குறை சொல்லாத நாள் கிடையாது. இந்த மனிதனுக்கு வாயடைத்துப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எத்தனையோ தரம் மனசுக்குள் நினைத்திருக்கிறேன். நினைத்தேன், அவ்வளவுதான். அப்படியே நடக்கும் என்று யார் கண்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கரண்ட் வைத்தால் பிழைத்துக்கொள்வார், ஆனால் நடுவில் நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டியைக் கதிர்வீச்சால் கரைக்கிற அந்த வைத்தியத்தை எங்கள் பக்கம் கரண்ட் வைக்கிறது என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரர் விடியற்காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கிருந்து மெட்ராஸ் பஸ் பிடிப்பார். திரும்பி வர மத்தியானம் தாண்டிவிடும். பாதி வைத்தியம் முடிவதற்குள் மாமனாரின் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. குரல் போய்விட்டது. நாக்கில் ருசியும் செத்துவிட்டது. கஞ்சியைக் கொடுத்தால் கண்ணில் தண்ணீர் வரும். எங்கள் வீட்டுப் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தால் அந்த வாடைக்கே குமட்டும். ஆள் பாதியாகிவிட்டார்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். எடை பார்த்த டாக்டர், இன்னும் இளைத்தால் உடம்பு தாங்காது, கரண்டை நிறுத்தவேண்டியதுதான் என்றார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வெளியே வரும்போது நர்சம்மா என்னை நிறுத்தி, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள், குளிர்ச்சியில் எரிச்சல் மரத்துப்போய் வழுக்கிக்கொண்டு இறங்கும் என்றார். ஆனால் கலர் கூடாது, எசென்ஸ் கூடாது, முந்திரி கிந்திரி எதுவும் கூடாது. பாலும் சர்க்கரையும் மட்டும்தான்.

இது ஒரு வேலையா என்று நினைத்தேன். அன்றைக்கே ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தருகே ஒரு கடையில் வெள்ளை நிறமாகப் பார்த்து ஒரு கப் வாங்கினேன். பாதி உருகியதோடு வீட்டுக்கு வந்து அவரை வாசலில் உட்காரவைத்து, "செவல, இது பாலு ஐஸ்தான், சாப்பிடச் சொல்லு" என்றேன். ஒரு வாய் வைத்தார். எசென்ஸ் புண்ணில் பட்டதும் மனிதர் துடித்துப்போய்விட்டார். கப்பைத் தட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டவர், அதற்கப்புறம் கஞ்சித் தெளிவைத் தவிர எதற்கும் திறக்கவில்லை. கையை மட்டும் ஆட்டினார். நாளையிலிருந்து ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். என் வீட்டுக்காரர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் மறுநாள் விடியற்காலையில் அவரைக் கையைப் பிடித்து பஸ் ஏற்றத் தவறவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பால் ஐஸ் என்று சொல்லித்தானே விற்றான்? ஊரில் இத்தனை மாடு கறக்கிறது, கேன் கேனாகப் பால் போகிறது, பாலும் சர்க்கரையும் மட்டும் போட்டு ஒரு ஐஸ்கிரீம் இந்தச் சுற்று வட்டாரத்தில் இல்லாமலா போய்விடும்? பார்த்துவிடுவோம் ஒரு கை என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

முதலில் வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஐஸ் கட்டி வாங்கிவந்து, கல்லுப்புப் போட்டு, நடுவில் சொம்பில் சர்க்கரை கலந்த பாலை வைத்தேன். உறைந்தது, ஆனால் மணல் மாதிரி நெறுநெறுவென்று இருந்தது. என் நாக்கையே அது அறுத்தது. புண் வாய்க்கு எப்படிக் கொடுப்பது? கடையில் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம் கடை கடையாக ஏறினேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒன்று விடவில்லை. தண்டலம் வரைக்கும் போனேன். இதில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு கடைக்காரருக்கும் தெரியவில்லை. கம்பெனியிலிருந்து வருகிறது, வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் நகரு என்றார் ஒருவர். இன்னொருவர் சுத்தமான பால் என்று சாமி மேல் சத்தியம் செய்தார். சத்தியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பால்காரர் வீட்டுப் பெண்ணுக்குப் பாலைச் சோதிக்க ஒரு வழிதான் தெரியும். காய்ச்ச வேண்டும், உறை ஊற்ற வேண்டும். பாலாக இருந்தால் ஆடை கட்டும், தயிராக உறையும். ஐஸ்கிரீமாக இருந்தால் மட்டும் என்ன, அதுவும் பாலிலிருந்து வந்ததுதானே?

ஆகவே ஐஸ்கிரீமை அடுப்பில் ஏற்றினேன். ஒவ்வொரு கடைச் சரக்கையும் தனித்தனிக் கிண்ணத்தில் உருக்கிக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றி, ஒரு சொட்டு மோர் விட்டு மூடிவைப்பேன். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. ஊர் உலகம் ஐஸ்கிரீமைத் திங்கிறது, நம்ம வீட்டில் மட்டும் உறை ஊற்றுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் மூடியைத் திறந்து பார்த்தால் ஒன்றின் மேல் வனஸ்பதி ஏடு மிதந்தது. இன்னொன்று நுரைத்துப்போய்ச் சோப்புத் தண்ணீராகக் கிடந்தது. ஒன்றே ஒன்று கெட்டியாக இருந்தது. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று ஆசையாகக் கரண்டியை விட்டேன். கரண்டி ஒட்டிக்கொண்டது. சோளமாவு. போஸ்டர் ஒட்டலாம், அவ்வளவு பசை. அத்தனை கிண்ணத்தையும் சாக்கடையில் கொட்டினேன். அதற்குள் மாமனாருக்குச் சட்டை தோளில் நிற்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கடை இருப்பதாக பஸ்ஸில் ஒரு அம்மா சொன்னார். கோயிலுக்கு வருபவர்கள் வாங்கிச் சாப்பிடுவதால் அங்கே முட்டை, மாவு, எசென்ஸ் எதையும் சேர்ப்பதில்லையாம். அப்படியே பஸ் மாறிப் போனேன். கோயிலுக்குப் போகும் தெருவில் சின்னக் கடை. கடைக்காரர் நெற்றியில் பளிச்சென்று நாமம். பால், சர்க்கரை, கடைசியில் கொஞ்சம் ஏலக்காய், வேறு எதுவும் கிடையாது என்றார். இதையே எல்லாரும்தான் சொன்னார்கள், எனக்குக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷ வியாபாரத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை, இஷ்டமிருந்தால் வாங்கு என்றார். பார்க்காமல் நகரமாட்டேன் என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வந்து போகிற சனமெல்லாம் என்னைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்தவர், "இன்னாம்மா ஒனக்குப் பிரச்சன?" என்று கேட்டார். சொன்னேன். தொண்டை, கரண்டு, எடை, அடுப்பில் ஏற்றிய ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கடையின் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே மரப் பீப்பாயில் ஐஸும் உப்புமாகக் கொட்டி, நடுவில் டப்பாவை வைத்து ஒரு ஆள் கைப்பிடியை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தார். சுண்டக் காய்ச்சிய பால் வாசனை வந்தது. ஏலக்காய் போடுவதற்கு முன்னால் கடைக்காரர் எனக்கென்று ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைத்தார். நான் அப்போதும் விடவில்லை. ஒரு சின்னச் சொம்பில் கொஞ்சம் வாங்கிப்போய், அன்று மாலையே காய்ச்சி உறை ஊற்றினேன். காலையில் திறந்தால் மேலே மஞ்சளாக ஆடை. சொம்பைச் சாய்த்தேன், தயிர் அசையவில்லை.

என் வீட்டுக்காரரின் பால் கேன் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். அடியிலும் சுற்றிலும் உமி, அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் மூடி போட்ட தூக்கு, கேனைச் சுற்றி ஈரச் சாக்கு. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீருக்காகக் கண்டக்டர் கத்தினதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் ஓரத்தில்தான் லேசாக உருகியிருந்தது.

மாமனார் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கிண்ணத்தோடு போய் நின்றுகொண்டு, பழக்கதோஷத்தில் தாழ்வாரத்தைப் பார்த்தேன். செவலை இல்லை, மேய்ச்சலுக்குப் போயிருந்தது. அது வரும்வரை காத்திருந்தால் கையில் இருப்பது பாலாகிவிடும். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலைச் சுற்றிப்போய் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன்.

"மாமா, இதுல பாலும் சக்கரையும் தவர ஒண்ணும் இல்ல. நானே ஒற ஊத்திப் பாத்துட்டேன். வாயத் தொறங்க."

அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் கண்ணை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. பயந்துபோயிருந்தார். கரண்டியை நீட்டினேன். மெல்ல வாயைத் திறந்தார். ஒரு கரண்டி வைத்தேன். நெற்றி சுருங்கியது, எரிகிறதோ என்று கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்தேன். தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி வாயைத் திறந்தார்.

அன்றிலிருந்து அந்தக் கேனும் நானும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு நடையாக நடந்தோம். எடை ஏறவில்லை, ஆனால் இறங்குவது நின்றது. கரண்டை நிறுத்தவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைத்தியம் முழுசாக முடிந்தது. புண் ஆறியது, குரலும் காற்று மாதிரி கொஞ்சம் திரும்பியது. ருசி மட்டும் வரவில்லை. சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றார்கள். எதை வைத்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். உப்பில்லாத குழம்பை ஒருநாள் தெரியாமல் ஊற்றிவிட்டேன், அதையும் அப்படியே சாப்பிட்டார். அன்றைக்குத்தான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வாயடைத்துப் போகட்டும் என்று நினைத்த மனிதர் ஒரு குறை சொல்லமாட்டாரா என்று ஏங்கிப்போனேன்.

பழக்கத்தை விடாமல் ஐஸ்கிரீம் மட்டும் வாங்கிவந்துகொண்டிருந்தேன். மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், தாழ்வாரத்தில் உட்கார்ந்து கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தார். ஒரு கரண்டி வாயில் போட்டவர் கையை அப்படியே நிறுத்தினார். இன்னொரு கரண்டி போட்டு, நாக்கைச் சப்புக்கொட்டினார். பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் செவலை நின்றிருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"சக்கர கம்மியா கீதும்மா."

நானும் மாட்டைப் பார்க்கவில்லை.

"நாளைக்குத் தூக்கலாப் போடச் சொல்றேன், மாமா" என்றேன்.